நாகர்கோவில் வானொலி: நாட்டின் முதல் உள்ளூர் நிலையத்தின் கதையை நாமே எழுதுவோம்

வடசேரிக்காரன்:

1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவில் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி நாட்டிலேயே முதன்முதலாகத் திறந்த உள்ளூர் நிலையம் அதுதான். நாகர்கோவிலின் கோணம் பகுதி வழியாகத் தினமும் போய்வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "நம்ம ஊர்லயா?" என்று கேட்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கே தெரியாத பெருமையாக இது போய்விடக் கூடாது என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முன்கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் சொந்தமாக ஒரு வானொலியைத் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 அன்று அதை அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. ஆக, நமக்குக் கிட்டத்தில் இருந்த நிலையம் முக்கியமாக மலையாளத்தில் பேசியது. தமிழ் கேட்க வேண்டுமானால் 1939இல் தொடங்கிய திருச்சியைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இலங்கை வானொலி. அதிலும் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்து சினிமாப் பாட்டைச் சுருக்கிய 1950களில், பாட்டு வேண்டிய வீடுகளெல்லாம் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை பக்கமே திருப்பி வைத்திருந்தன. 1963இல் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகுதான் பக்கத்தில் ஒரு தமிழ்க் குரல் கிடைத்தது. நம் மாவட்டத்துக்கென்று ஒன்று வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

அப்படி வந்த நிலையத்தின் இரண்டாவது நாள் அக்டோபர் 31. அன்று காலை டெல்லியில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுக்க வானொலியில் சோக இசை. ஒரு நிலையத்துக்கு இதைவிடக் கனமான தொடக்கம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். அந்த வாரத்தை நேரில் அறிந்தவர்கள், வேலை பார்த்தவர்கள், கேட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பாளை அண்ணாச்சி:

நல்ல இழை தம்பி. ஆனால் "முதல்" என்கிற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டும். சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 அன்றே சொந்த வானொலி நடத்த ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்னால் 1924இல் சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பு செய்தது. காசு இல்லாமல் கிளப் நின்றுபோனதும் கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி அதை வைத்து நகரத்து மக்களுக்காகவே ஒலிபரப்பியது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் கேட்பதற்குப் பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரை அது ஓடியது. ஓர் உள்ளாட்சி அமைப்பு, தன் ஊருக்காக, தன் செலவில் நடத்திய வானொலி. உள்ளூர் வானொலிக்கு இதைவிட வேறு என்ன இலக்கணம் வேண்டும்? நாகர்கோவிலின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்தப் பழைய கதையும் சேர்ந்தால்தான் வரலாறு முழுதாகும்.

வடசேரிக்காரன்:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், சென்னை மாநகராட்சி வானொலி இந்த வரலாற்றின் முதல் பக்கத்திலேயே வர வேண்டியது. நான் "முதல்" என்றது அகில இந்திய வானொலியின் கணக்கில். அவர்கள் ஒலிபரப்பை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: நாடு முழுமைக்கும் ஒன்று, மாநில அளவில் ஒன்று, மாவட்ட அளவில் ஒன்று. மூன்றாவது அடுக்கு வேலை செய்யுமா என்று பார்த்தது நாகர்கோவிலில்தான். பிறகுதான் நாடெங்கும் வரிசையாக உள்ளூர் நிலையங்கள் வந்தன. தமிழகத்தில் தர்மபுரி, பக்கத்தில் காரைக்கால் எல்லாம் நமக்குப் பின்னால் வந்தவை.

இடத்தைத் தேர்ந்ததிலும் அர்த்தம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பரப்பளவில் சிறிய மாவட்டங்களில் ஒன்று நம்முடையது. ஆனால் அதற்குள்ளேயே நாஞ்சில் நாட்டு வயல், மேற்கே ரப்பர் தோட்டம், மலை, தெற்கே கடற்கரை, தோவாளைப் பூ. இரண்டு பருவமழையும் பெய்யும். சென்னையில் இருந்துகொண்டு "தமிழக விவசாயிகளுக்கு" என்று ஒரு பேச்சு கொடுத்தால் அதில் பாதி நமக்குப் பொருந்தாது.

தேரேகால்புதூர் வாசகி:

அம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருவில் நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து அஞ்சலட்டை வாங்கி நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போடுவார்களாம். அட்டை அப்போது 15 காசு. பாட்டைவிட முக்கியம் பெயர் வாசிப்பதுதான். தெருப்பெயரோடு சேர்த்து வாசித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு. திருநெல்வேலிக்கோ இலங்கைக்கோ எழுதினால் எத்தனையோ ஊர்க்காரர்களின் அட்டைகளுக்கு நடுவே நம்முடையதும் கிடக்கும். இங்கே எழுதினால் வாசிக்க வாய்ப்பு அதிகம் என்பதே பெரிய சந்தோஷமாம்.

பழைய அறிவிப்பாளர்:

நான் ஒரு வானொலி நிலையத்தில் பல வருடங்கள் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். எந்த நிலையம், எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். வேலைமுறை எல்லா நிலையத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். இந்த வேலை எப்படி நடந்தது என்று தெரியாமல் நிலைய வரலாறு எழுத முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளூர் நிலையங்களில் நிரந்தர ஊழியர்கள் குறைவு. ஒலிபரப்பைத் தாங்கியவர்களில் பெரும்பகுதி எங்களைப் போன்றவர்கள்: பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவி, வேறு எங்கோ கணக்கு எழுதுகிறவர். குரல் தேர்வில் ஒரு செய்தித்தாள் பத்தி, ஒரு கவிதை, கொஞ்சம் பொது அறிவு. ழகர லகர ளகரத்தில் தடுக்கினால் அவ்வளவுதான். தேறினால் மாதத்தில் சில நாட்களுக்குப் பணி. காலைப் பணி என்றால் விடிவதற்கு முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். டியூட்டி ரூமில் கையெழுத்துப் போட்டு, அன்றைய நிகழ்ச்சிகளை நேர வரிசையில் குறித்த கியூ ஷீட்டை வாங்கி, இசைத்தட்டும் டேப்பும் வரிசையாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்வோம். அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த அந்த முகப்பு இசை. 1936இல் வால்டர் காஃப்மன் அமைத்தது. அது முடிகிற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து நம் ஒலிவாங்கி திறக்கும். எத்தனை வருடம் ஆனாலும் அந்தக் கணத்தில் தொண்டை வறளும்.

இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாதது டேப் வேலை. கால் அங்குல அகல ஸ்பூல் டேப்; விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். ஒரு விவசாயியைப் பேட்டி எடுத்து வருவோம். நடுவில் இருமுவார், "அது வந்து..." என்று இழுப்பார். இருமல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டிக் கேட்போம். அந்த இடத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு, முடிகிற இடத்தில் இன்னொரு கோடு. பள்ளம் வெட்டிய சின்ன உலோகக் கட்டையில் டேப்பைப் படுக்கவைத்து, பிளேடால் சாய்வாக வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பின்பக்கம் ஒட்டுப்பட்டை. நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் "டக்" என்று கேட்கும், அதனால் சாய்வு. மூச்சு விடுகிற சத்தத்தையும் சேர்த்து வெட்டிவிட்டால் பேச்சு செத்துப்போகும். மூச்சை எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவர்தான் நல்ல எடிட்டர்.

பேச்சுத் தமிழ் விஷயத்தில் ஒன்று. அறிவிப்பு சுத்தத் தமிழில் இருக்க வேண்டும், ஆனால் வேளாண் நிகழ்ச்சியில் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வட்டார வழக்கில் பேசலாம். உள்ளூர் நிலையங்கள் மக்களைப் பிடித்தது அந்த இடத்தில்தான். தன் வீட்டில் பேசுகிற பேச்சு, கேலிக்காக இல்லாமல் மரியாதையாக, வானொலியில் வருகிறது. நம் மாவட்டத்தின் கல்குளம் விளவங்கோடு பக்கத்துக்காரர்களின் பேச்சைச் சினிமா எப்படி நடத்தியது என்று நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

பாளை அண்ணாச்சி:

அருமை ஐயா. வில்லுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லை, குமரி கோயில் கொடைகளில், அதாவது திருவிழாக்களில், விடிய விடிய நடப்பதை அரை மணி நேர நிகழ்ச்சிக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் வானொலிக்கு இருந்தது. கலை குறைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. கொடை நடக்கும் ஊரைத் தாண்டி அந்தக் கலைஞர்களின் குரலைக் கொண்டுபோனது வானொலிதான். நிலையத்தின் குரல் தேர்வில் தேறிய கலைஞர் என்றால் கோயில்காரர்கள் கொடுக்கிற மதிப்பே தனி.

வேளாண் நிகழ்ச்சியின் பலத்துக்கு ஓர் உதாரணம்: 1960களில் தஞ்சாவூர் பக்கம் ஏ.டி.டி. 27 என்கிற நெல் ரகத்தைத் திருச்சி நிலையம் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லி, விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

குலசேகரம் தோட்டம்:

ரப்பர் பக்கம் இருந்து நான் சொல்கிறேன். பால் வெட்டு விடியற்காலை வேலை. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மழை பெய்தால் வெட்டுக்காயத்தில் தண்ணீர் இறங்கி, சிரட்டையில் விழுந்த பாலும் கெட்டுவிடும். அதனால் தலையில் விளக்கைக் கட்டுவதற்கு முன்னால் மழை உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும். "தமிழகத்தில் ஓரிரு இடங்களில் மழை" என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஒரு மரம்கூட வெட்ட முடியாது. பேச்சிப்பாறையில் என்ன நிலவரம், அணையில் எத்தனை அடி தண்ணீர், எந்தச் சானல் (பாசனக் கால்வாய்) திறக்கிறார்கள், இதுதான் எங்களுக்குச் செய்தி. அப்பா காலையில் வானொலியைப் போட்டதே இதற்காகத்தான், பாட்டுக்காக இல்லை.

தூத்தூர் கடற்கரை:

கடல்பக்கத்தை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

"கொளச்சல் முதல் தனுஷ்கோடி வரை" என்று ஆரம்பிக்கிற அலை உயர அறிவிப்பை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட ஒப்பிக்கும். காற்று எந்தத் திசையில் இருந்து, எத்தனை கிலோமீட்டர் வேகம், அலை எத்தனை மீட்டர். கட்டுமரமும் வள்ளமும் வைத்துக் கரையோரம் தொழில் செய்பவர்களுக்கு இது போதும். வானொலி அறிவிப்பு வந்தால் கரையில் வள்ளத்தை மேலே இழுத்துவிடுவார்கள்.

ஆனால் எங்கள் தூத்தூர், வள்ளவிளை பகுதி ஆழ்கடல்காரர்களுக்கு அது போதவில்லை. இங்கிருந்து போகும் படகுகள் வாரக்கணக்கில் கடலில் இருக்கும்; லட்சத்தீவைத் தாண்டியும் போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது பல படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கரையில் என்ன அறிவித்தாலும் அங்கே கேட்காது. நான் எந்த நிலையத்தையும் குறை சொல்லவில்லை. உள்ளூர் வானொலியின் பெருமையை எழுதும்போது அதன் எல்லையையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் ஊரில் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள்.

கம்பியில்லாதவன்:

ஒலிபரப்புப் பொறியியல் படித்தவன் என்ற முறையில் தூத்தூர் நண்பருக்கு.

பண்பலை நேர்கோட்டில் போகும். கோபுரத்தின் உச்சியில் இருந்து அடிவானம் எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் ஆட்சி. 100 மீட்டர் உயரக் கோபுரம் என்று வையுங்கள், படகில் ஏரியல் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வையுங்கள். கணக்குப்படி சுமார் 50 கிலோமீட்டர். டிரான்ஸ்மிட்டரின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் இது பெரிதாக நீளாது, பூமியின் வளைவு மறைத்துவிடும். நம் மாவட்டத்தில் மலையும் சேர்ந்துகொள்வதால் பள்ளத்தில் இருக்கிற ஊர்களில் கரகரப்பு வரும்.

மத்திய அலை (மீடியம் வேவ்) அப்படி இல்லை. அது தரையை ஒட்டி வளைந்து போகும். உப்புத் தண்ணீர் நல்ல கடத்தி என்பதால் கடலின் மேல் இன்னும் வெகுதூரம் போகும். இரவில் வானடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டும். திருநெல்வேலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் கடலில் எடுத்ததும், தூத்துக்குடியில் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து இலங்கைக்கு ஒலிபரப்பியதும் இதனால்தான். ஒலித்தரம் பண்பலையில் மேல், தூரம் மத்திய அலையில் மேல். உலகம் முழுக்கவே மத்திய அலையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். மின்செலவும் பராமரிப்பும் அதிகம் என்பது காரணம். நகரத்தில் இருப்பவருக்கு இதனால் நஷ்டம் எதுவும் தெரியாது, கடலில் இருப்பவருக்குத் தெரியும். ஒக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் வந்தன. ஆழ்கடலுக்கு அதுதான் வழி, பண்பலையால் ஆகாது.

இன்னொரு தகவல்: 1977 ஜூலையில் சென்னையில்தான் இந்தியாவின் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. அப்போது பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் அந்தப் பட்டையே கிடையாது. நாகர்கோவிலின் 101 மெகாஹெர்ட்ஸை இன்று போனில் கேட்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புதுக்கணக்கு:

எல்லாம் சரி. ஒரு கேள்வியை நேராகவே கேட்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். மழை நிலவரம் போனில் வருகிறது. அணை அளவு வாட்ஸப்பில் வருகிறது. பாட்டு கேட்க ஆயிரம் வழி. வில்லுப்பாட்டு யூடியூபில் முழு இரவும் கிடைக்கிறது. இனி உள்ளூர் வானொலி எதற்கு? வரலாறாக எழுதிவைப்பது சரி, உயிரோடு வைத்திருக்க என்ன காரணம்?

பழைய அறிவிப்பாளர்:

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி, கோபம் ஒன்றும் இல்லை.

வாட்ஸப்பில் வரும் அணை அளவு யார் அனுப்பியது, இன்றையதா போன வருடத்தியதா என்று உங்களுக்குத் தெரியாது. வெள்ளச் சமயத்தில் பழைய வீடியோ சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வானொலியில் ஒரு வரி வாசிக்க வேண்டும் என்றால் அதற்குப் பொறுப்பாக ஒரு கையெழுத்து உண்டு, லாக் புத்தகத்தில் நேரத்தோடு பதிவு உண்டு. தப்பாக வாசித்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பயம் நல்ல பயம்.

இரண்டாவது, தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. ஆகவே ஒரு மாவட்டத்தின் செய்தியை வானொலி வழியாகச் சொல்ல அரசு நிலையத்தை விட்டால் ஆளில்லை. புயலில் செல்போன் கோபுரம் விழுந்து கரண்டும் போன இரவில், இரண்டு பேட்டரி போட்ட பெட்டி பேசும்.

வடசேரிக்காரன்:

புதுக்கணக்கு தம்பிக்கு என் பதிலும் இதுதான், கூடவே ஒன்று. உள்ளூர் வானொலி அரசு நிலையமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் சமுதாய வானொலி தொடங்கியது. 2006இல் விதிகளைத் தளர்த்தி, தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். பாம்பனில் 2016இல் தொடங்கிய "கடல் ஓசை" மீனவர்களுக்காகவே நடக்கிறது. 100 வாட் சக்தி, 30 மீட்டர் கோபுரம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். சின்னதுதான். ஆனால் கேட்கிறவர்களின் தொழில் தெரிந்தவர்கள் பேசுகிறார்கள். நாகர்கோவிலில் 1984இல் பரிசோதித்த எண்ணத்தின் தொடர்ச்சியாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

என்னைக் கேட்டால், ஒரு நிலையம் உள்ளூர் நிலையமா என்பதற்குக் கோபுரம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கக் கூடாது. குலசேகரத்துக்காரருக்கும் தூத்தூர்க்காரருக்கும் வேண்டிய வரி அன்றைய ஒலிபரப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிலையத்தை வேறு ஊர் நிகழ்ச்சியை வாங்கி அப்படியே மறு ஒலிபரப்பு செய்கிற கோபுரமாக மட்டும் வைத்திருந்தால் கட்டடம் இருக்கும், நிலையம் இருக்காது. இதை நான் எல்லா ஊருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தேரேகால்புதூர் வாசகி:

பழைய ஒலிப்பதிவுகள் எங்கேயாவது கிடைக்குமா? அம்மாவின் பெயர் வாசித்த நிகழ்ச்சி இருக்காது என்று தெரியும். ஆனால் அந்தக் காலத்து அறிவிப்பாளர் குரல் ஒன்றாவது?

பழைய அறிவிப்பாளர்:

அம்மா, நேரலையில் போன நேயர் விருப்பத்தை யாரும் பதிவு செய்ததில்லை. பேட்டி, நாடகம், பேச்சு இவற்றைப் பதிவு செய்தோம். டேப் விலை அதிகம் என்பதால் ஒலிபரப்பான பிறகு அழித்து அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியை எடுப்பது வானொலி நிலையங்களின் வழக்கம். பெரிய ஆளுமைகளின் குரல்தான் காப்பகத்துக்குப் போகும். பெயர் தெரியாத விவசாயியின் குரல் போகாது. உள்ளூர் நிலையத்தின் உயிர் அந்த இரண்டாவது வகையில்தான் இருந்தது, அதனால்தான் இழப்பு பெரிது.

மிச்சம் இருப்பது வீடுகளில். தன் பேச்சு வருகிற நாளில் வீட்டில் கேசட் போட்டுப் பதிவு செய்தவர்கள் நிறைய. அப்படி வைத்திருந்தால் அவசரப்பட்டு பழைய பிளேயரில் போட்டுவிடாதீர்கள். முதலில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் ஓட்டவே கூடாது, தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு கணினியில் ஏற்றுங்கள். எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே வையுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருள் போட்டு மூலத்தைக் கெடுக்க வேண்டாம். சுத்தம் செய்வதைப் பிரதியில் செய்துகொள்ளலாம். கேசட்டையும் தூக்கி எறியாதீர்கள்.

குலசேகரம் தோட்டம்:

அப்பாவின் அலமாரியில் மூன்று கேசட் இருக்கிறது, ஒன்றின் மேல் "தேனீ – ரேடியோ" என்று பேனாவால் எழுதியிருக்கிறார். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பைப் பற்றி அவர் பேசிய நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். பூஞ்சை இல்லை. ஐயா சொன்னபடி செய்கிறேன். பிளேயர்தான் இல்லை, யாரிடமாவது நல்ல நிலையில் இருக்கிறதா?

கம்பியில்லாதவன்:

என்னிடம் இருக்கிறது, ஹெட்டைப் போன மாதம்தான் சரிசெய்தேன். தனிமடலில் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் பக்கம் வருகிறேன்.

வடசேரிக்காரன்:

மற்றவர்களும் வீட்டில் தேடிப் பாருங்கள். கேசட் மட்டும் இல்லை. நிலையம் அனுப்பிய ஒப்பந்தக் கடிதம், நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட தாள், அஞ்சலகத்தில் கட்டணம் கட்டிய பழைய ரேடியோ லைசன்ஸ் புத்தகம், எதுவானாலும் படம் எடுத்து இங்கே போடுங்கள். தேதி தெரிந்தால் தேதியோடு, தெரியாவிட்டால் யார் வீட்டில் கிடைத்தது என்பதோடு. 1984 அக்டோபர் கடைசி வாரத்தைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் எழுதவில்லை. அன்று பணியில் இருந்தவர் யாரையாவது தெரிந்தால் அவரிடம் கேட்டு நீங்களே எழுதுங்கள். வயதானவர்களைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம்.